ஒரே வீட்டில் சுட்டவரும் இறந்தவர்களும்: குடும்பத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் எழும் சட்டக் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் குடும்பத் தகராறு கொலையில் முடிந்தால் அங்கே கைப்பற்றப்படுவது பெரும்பாலும் அரிவாளோ கத்தியோதான், துப்பாக்கி அரிது. ஆனால் காட்டுப்பன்றி விரட்டுவதற்கென்று மோட்டார் கொட்டகையில் செருகி வைத்த நாட்டுத் துப்பாக்கியோ, தாத்தா காலத்து உரிமத்தோடு பீரோவில் கிடக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியோ உள்ள வீட்டில் சண்டை முற்றினால், ஓடித் தப்ப நேரம் இருப்பதில்லை. சாவு ஒருவரோடு நிற்பதும் இல்லை.

இந்த வழக்குகளை மற்றக் கொலை வழக்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது சாவின் எண்ணிக்கை மட்டும் அன்று. இங்கே இறந்தவரின் தாயும் சுட்டவரின் தாயும் ஒருவராகவே இருப்பார். பிணவறை வாசலில் உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அதே பெண், காரியம் முடிந்த மறுவாரம் கேப்பர் மலையிலோ காலாப்பட்டிலோ சிறைவாசலில் மனு பார்க்க நிற்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலூரில் குற்ற வழக்குகள் நடத்திவரும் என்னிடம் அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளே இவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவையும் அதனோடு வந்த நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அந்த நாளுக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளே பொருந்தும். இங்கே சொல்லப்படும் அடிப்படைகள் பெரும்பாலும் மாறவில்லை.

சம்பவம் நடந்த வீட்டை எப்போது கழுவலாம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் தயங்குவார்கள். சாவு விழுந்த வீட்டைக் கழுவி மஞ்சள் நீர் தெளிக்காமல் அடுத்த காரியத்துக்குப் போக நம் வீடுகளில் மனம் ஒப்புவதில்லை. அதுவும் தரையில் இரத்தம் கிடக்கையில் பார்த்துக்கொண்டு நிற்க எந்தப் பெரியம்மாவாலும் முடியாது. ஆயினும் புலன்விசாரணை அதிகாரி பார்வை மகஜர் (சம்பவ இடத்தைச் சாட்சிகள்முன் பார்த்து எழுதும் குறிப்பு) எழுதி, படம் எடுத்து, தடய அறிவியல் பிரிவினர் வந்து போய், "இனி நீங்கள் புழங்கலாம்" என்று சொல்லும்வரை ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வந்து சான்று சேகரிக்கவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு சொல்கிறது.

துப்பாக்கி வழக்கில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் குழலின் உட்புறம் முறுக்கு வரிகள் உண்டு. அவை குண்டில் பதியும். எந்தக் குழலிலிருந்து வந்த குண்டு என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உட்புறம் வழவழப்பு. சிறு குண்டுகளில் எந்த அடையாளமும் பதியாது. அங்கே பேசுவது வெளியே விழுந்த தோட்டாக் கூட்டின் அடியில் ஊசி குத்திய தடம் மட்டுமே. குழல்வாய் வழியே மருந்து கெட்டித்து, சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாக் கூடே கிடையாது. அப்போது எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த உயரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைச் சுவரில் குண்டுகள் சிதறிய பரப்பும், சட்டையில் படிந்த கரியும், மருந்தை அடைக்க வைத்த துணித் துண்டும்தான் சொல்லவேண்டும். வீட்டைக் கழுவினால் முதலில் போவது அவைதான்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் 1985 ஆகஸ்டில் ஒரு பண்ணை வீட்டில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்: தாய், தந்தை, வளர்ப்பு மகள், அவளுடைய ஆறு வயது இரட்டைப் பிள்ளைகள். மகள்தான் எல்லாரையும் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டாள் என்று காவல்துறை முதல் நாளே முடிவுகட்டி, இரத்தம் படிந்த படுக்கைகளையும் விரிப்புகளையும் எரித்துவிட்டது. சில நாள் கழித்து உறவினர்கள் துப்பாக்கி அலமாரியில் ஒலியடக்கி ஒன்றைக் கண்டெடுத்தார்கள்; விசாரணையே திரும்பியது. வளர்ப்பு மகன் ஜெரமி பாம்பர் 1986 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2002-இல் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. தாம் குற்றமற்றவர் என்று அவர் இன்றுவரை சொல்லிவருகிறார். நாற்பதாண்டு கழித்தும் அந்த வழக்கில் வாதம் ஓயாததற்கு முதல் வாரத்தில் எரித்துப்போட்ட பொருள்களும் ஒரு காரணம். யார் பக்கம் உண்மை இருந்தாலும், அதைக் காட்டவேண்டிய சான்று இருந்தாகவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

யார் புகார் கொடுப்பது? எந்தக் காவல் நிலையத்தில்?

யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெற்றவளே பிள்ளைமேல் புகார் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தகவலிலும் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். ஆனால் கண்ணால் கண்டவர் வீட்டிலேயே இருக்கும்போது, வெளியூர்க்காரர் ஒருவர் பெயரில் புகார் எழுதுவது பின்னால் குறுக்கு விசாரணையில் இடிக்கும்.

எல்லைதான் இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்குத் தெரியும்: ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, பாகூர்ப் பக்கம் வயல்வரப்பே மாநில எல்லை. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தம்பி வீடு மறு மாநிலத்திலும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். எந்த நிலையத்துக்குப் போனாலும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுள்ளது. சுடப்பட்டது பாகூரில், உயிர் பிரிந்தது கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் என்றால், செயல் நடந்த இடத்து நீதிமன்றமும் விளைவு நேர்ந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்க அதிகாரம் பெற்றவை. நடைமுறையில் சுட்ட இடத்து நிலையமே வழக்கை நடத்தும். மேல்முறையீடு எப்படியும் இரு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

காயம்பட்டவர் மருத்துவமனையில் பேசுகிறார். அவர் சொல்வது செல்லுமா?

செல்லும். முதல் மருத்துவரிடம் சொன்னது விபத்துப் பதிவேட்டில் ஏறும்: "தெரிந்த ஒருவர் சுட்டார்" என்றா, "தம்பி சுட்டார்" என்றா, "துப்பாக்கி தவறி வெடித்தது" என்றா என்பதெல்லாம் அங்கே முதலில் பதிவாவதுதான். பிழைப்பது உறுதியில்லை என்றால் நீதித்துறை நடுவர் வந்து, நோயாளி தெளிவாக இருக்கிறார் என்ற மருத்துவரின் சான்றோடு மரண வாக்குமூலம் பதிவார். அந்த நேரத்தில் உறவினர்கள் வெளியே நிற்பதே நல்லது. "குடும்ப மானம்" என்று காதில் ஓதியவர் உள்ளே இருந்தார் என்பது தெரிந்தால், பின்னால் அந்த வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு கிழித்துவிடும். காயம்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அது மரண வாக்குமூலமாக நிற்காது. அவரே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும்.

சுட்டவரும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார். இனி வழக்கு உண்டா?

இறந்தவர்மேல் விசாரணை நடத்த முடியாது. ஆகவே கூண்டில் நிறுத்த ஆளில்லை. ஆனால் புலன்விசாரணை உண்டு. துப்பாக்கி எங்கிருந்து வந்தது, மருந்து யார் விற்றது, வேறு யாராவது தூண்டினார்களா, உண்மையில் அவரே சுட்டாரா என்பதையெல்லாம் விசாரித்து, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் நடவடிக்கை அற்றுப்போனது என்று நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்யவேண்டும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு, இழப்பீடு என்று பின்னால் நீங்கள் ஏறப்போகும் ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்பார்கள்.

சுட்டுக்கொண்டும் பிழைத்தவர் என்றால், தற்கொலை முயற்சிக்காக அவரைத் தண்டிப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு கொலை வழக்குக்கு நீளாது.

காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாராம். அப்படியானால் முடிந்ததா?

இல்லை. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்க உதவாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், உதாரணமாகக் கிணற்றில் போட்ட துப்பாக்கியை அவரே காட்டி எடுத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் சான்றாகும். நடுவர்முன் தன் விருப்பத்தோடு தரும் வாக்குமூலம் வேறு. அதற்கு முன் நடுவர் எச்சரித்து, யோசிக்க நேரம் தருவார்.

தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு வழக்கம், குற்றவாளி நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டு சரணடைந்தார் என்பது. சட்டப்படி அது சான்றாவதற்குத் தடையில்லை. ஆனால் அதுவரை முகம்கூடத் தெரியாத ஓர் அலுவலரிடம் போய் ஒருவர் மனம்திறந்து பேசினார் என்பதை நீதிபதிகள் எளிதில் நம்புவதில்லை. குறுக்கு விசாரணையில் அந்த அலுவலர் படும்பாடு ஒவ்வொரு முறையும் எனக்குப் பரிதாபமாகவே இருக்கும்.

90 நாளில் வெளியே வந்துவிடுவார் என்கிறார்களே?

கொலை வழக்கில் கைதானவரைக் காவலில் வைத்த 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அவருக்குப் பிணை கேட்கும் உரிமை பிறக்கிறது. அது வழக்கிலிருந்து விடுதலை அன்று. பாதிக்கப்பட்ட தரப்பும் பிணை மனுவில் தன் கருத்தைச் சொல்லலாம்.

துப்பாக்கி உரிமம் தாத்தா பேரில். அவர்மேலும் வழக்கு வருமா?

அவர் தெரிந்தே எடுத்துக் கொடுத்தாரா, கவனமின்றிப் பூட்டாமல் வைத்தாரா என்பதைப் பொறுத்தது. சண்டை நடக்கும்போது சாவியை நீட்டியவர் கொலைக்கு உடந்தை என்ற கேள்விக்கே பதில் சொல்லவேண்டியிருக்கும். பூட்டாத பீரோ என்றால் உரிம நிபந்தனையை மீறியதற்கான வழக்கும், உரிமம் ரத்தாவதும். சுட்டவரைப் பொறுத்தவரை கொலைக் குற்றச்சாட்டோடு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் சேரும்: உரிமமின்றி வைத்திருந்ததற்கு 25-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது இரண்டாண்டு, அதிகம் ஐந்தாண்டு, அதைப் பயன்படுத்தியதற்கு 27-ஆம் பிரிவு. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அந்த அனுமதிக் கடிதம் கோப்பில் இல்லாமலே விசாரணை நடந்து, ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டு மட்டும் விழுந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். கொலைக் குற்றச்சாட்டு அதனால் அசையாது.

போனவர்கள் போய்விட்டார்கள். இருக்கிற ஒரு பிள்ளையையாவது காப்பாற்றலாம் என்று குடும்பமே சமாதானமாகப் போகக்கூடாதா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் கடினமானது இது. அதைக் கேட்கும் தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் கொலை சமரசத்துக்கு உரிய குற்றம் அன்று. ஊர்ப் பெரியவர்கள் எழுதித் தரும் தாள், குடும்பத்தார் அனைவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, எதுவும் வழக்கை முடிக்காது. வழக்குத் தொடுப்பது அரசு.

ஆகவே குடும்பங்கள் வேறு வழியைத் தேடுகின்றன: கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுவது. பிறழ்சாட்சி என்று அறிவித்து அரசு வழக்கறிஞரே குறுக்கு விசாரணை செய்வார். நடுவர்முன் சத்தியம் செய்து கொடுத்த முந்தைய வாக்குமூலம் இருந்தால், பொய்ச்சாட்சி நடவடிக்கை உங்கள் தலைமேல் தொங்கும். இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். நான்கு சுவருக்குள் நடந்த சாவில், அந்த நேரம் வீட்டில் இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தியை அவரே விளக்கவேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. சாட்சிகள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டால் சுட்டவர் தப்பிவிடுவார் என்பது உறுதியில்லை. வீட்டில் இருந்த இன்னொருவர்மேல் சந்தேகம் திரும்புவதற்கு வழி திறந்துவிடும் என்பது மட்டும் உறுதி.

என் கட்சிக்காரர்களிடம் நான் சொல்வது வேறு. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். அதில் அவருக்குச் சாதகமானதும் இருக்கும், அதையும் விடாமல் சொல்லுங்கள். மூன்று மாதமாக உறங்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார், கடன்காரர் வாசலில் வந்து நின்றார் என்பதெல்லாம் உண்மை என்றால், தண்டனை பற்றிய வாதத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. பொய் சொல்லி அவரைக் காப்பாற்ற முயன்றால் அந்த உண்மைகளும் சேர்ந்து நம்பகம் இழக்கும். சாட்சி சொல்வதால் மிரட்டல் வந்தால், 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மிரட்டுபவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

அவருக்காக வழக்கறிஞர் வைப்பதில் தவறில்லை; வசதி இல்லாவிட்டால் காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைத் தரும். ஆனால் அந்த வழக்கறிஞரே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்ல இடம் தராதீர்கள். அரசுத் தரப்புக்கு உதவியாகத் தனி வழக்கறிஞரை நியமிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

திடீர்க் கோபம், குடிபோதை, மனநிலை சரியில்லை: இவற்றில் எது வழக்கைக் குறைக்கும்?

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே வழக்கம்.

திடீரென்று ஏற்பட்ட, கடுமையான தூண்டுதலால் தன்வசம் இழந்து கொன்றால் அது கொலை என்ற நிலையிலிருந்து, கொலையாகாத மரண விளைவிப்பு என்ற நிலைக்கு இறங்கும். "திடீர்" என்ற சொல்லில்தான் வழக்கே நிற்கிறது. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலனைச் சுட்ட வழக்கில், அவர் மனைவியையும் பிள்ளைகளையும் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு வந்தார். இடையில் கழிந்தது ஏறத்தாழ மூன்று மணி நேரம். மனம் அடங்க அது போதுமான நேரம் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே எடுத்துக்கொள்ளும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். முதல் சாவுக்குச் சொல்லக்கூடிய திடீர்க் கோபத்தை மூன்றாவது சாவுக்குச் சொல்ல முடிவதில்லை.

குடிபோதை, தானாகக் குடித்ததானால், காப்பாற்றாது. தெரியாமல் ஊற்றிக் கொடுக்கப்பட்டது என்று மெய்ப்பித்தால் மட்டுமே கதை வேறு.

மனநோய் என்பதில் சட்டம் பார்ப்பது ஒன்றே: அந்தக் கணத்தில், தான் செய்வது இன்னது என்றோ அது தவறு என்றோ அறிய இயலாத நிலையில் இருந்தாரா? புதிய சட்டத்தில் இது 22-ஆம் பிரிவு. பல ஆண்டுகள் சிகிச்சையில் இருந்தார் என்ற மருத்துவச் சீட்டு மட்டும் போதாது; சுட்ட பிறகு ஓடி ஒளிந்தார், துப்பாக்கியைக் கிணற்றில் போட்டார் என்றால் தவறு என்று தெரிந்திருந்தது என்றே பொருளாகும். அதே நேரம், மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல் இருந்தாலும், உரிமையியல் வழக்கில் போல எது அதிகம் நிகழக்கூடியது என்று காட்டினால் போதும். ஜிப்மரிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்ற பழைய சீட்டுகள், மருந்துக்கடை ரசீதுகள், நோயாளியைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்த அக்கம்பக்கத்தார் என்று எல்லாம் தேவைப்படும். வாதம் ஏற்கப்பட்டால் விடுதலை என்று தீர்ப்பு வரும்; ஆனால் அவர் அன்றே வீடு திரும்பமாட்டார். பாதுகாப்பான மனநல நிறுவனத்தில் வைக்கவோ, தகுந்த உத்தரவாதத்தின்பேரில் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் ஆணையிடும். விசாரணையையே புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தால், விசாரணை தள்ளிவைக்கப்படும்.

பலர் இறந்திருக்கிறார்கள். தூக்குதானா?

எண்ணிக்கை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள். 1980-இல் பச்சன் சிங் வழக்கு முதல், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரணம் என்பது விதி. குற்றத்தோடு குற்றவாளியையும் எடைபோடவேண்டும். 1977-இல் பஞ்சாபில் குடும்பப் பகையால் ஒரே இரவில் ஐந்து கிராமங்களில் 17 பேரைச் சுட்டுக் கொன்ற மச்சி சிங் வழக்கில்தான், 1983-இல், எவ்வகைக் கொலைகள் அந்த வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. 2022-க்குப் பிறகு, குற்றவாளியின் பின்னணி, மனநலம், சிறையில் நடந்துகொண்ட விதம் பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெறவேண்டும் என்ற வழிகாட்டலும் உண்டு. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேறாது.

ஆயுள் என்றால் வாழ்நாள் முழுதும். 14 ஆண்டு என்பது, தண்டனைக் குறைப்பை அரசு பரிசீலிக்கக்கூடிய குறைந்தபட்ச வரம்பு. 14 ஆண்டில் வருவார் என்று யாரும் உறுதி தர முடியாது. நான்கு சாவுக்கு நான்கு ஆயுள் விதித்தாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடாது, ஏககாலத்திலேயே ஓடும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவுசெய்தது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குறைப்பே கிடையாது என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சொல்ல முடியும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு. அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை.

சொத்து யாருக்குப் போகும்?

கொன்றவருக்குப் போகாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, கொலை செய்தவருக்கும் அதற்கு உடந்தையாக இருந்தவருக்கும், கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசுரிமையை மறுக்கிறது; எந்தச் சொத்தை அடைவதற்காகக் கொன்றாரோ அந்தச் சொத்திலும் மறுக்கிறது. அப்பாவின் நிலம் முழுவதும் தனக்கே வரவேண்டும் என்று தம்பியைக் கொன்றவருக்கு அப்பாவின் நிலத்திலும் வாசல் அடைபடும். அவர் முன்னரே இறந்துவிட்டவராகக் கருதப்படுவார். அவர் வழியாக அவருடைய மனைவி உரிமை கோர முடியுமா என்ற கேள்வி, தந்தையை மகன் கொன்ற ஒரு தமிழ்நாட்டு வழக்கில் எழுந்தது. முடியாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கணவர் மனைவியைக் கொன்றால், பிள்ளைகள் தாயின் சொத்தைத் தாயின் பிள்ளைகளாகவே பெறுகிறார்கள். அப்பா வழியாக அல்லவே. இந்த வேறுபாட்டைத் தாசில்தார் அலுவலகத்தில் விளக்கவேண்டி வரும்.

ஒரே இரவில் பலர் இறந்த வீட்டில் இன்னொரு கேள்வி முளைக்கும்: யார் முதலில் இறந்தார்? அப்பாவும் மகனும் இறந்து, முன்பின் தெரியவில்லை என்றால், இளையவர் பிந்தி இறந்ததாக அதே வாரிசுரிமைச் சட்டம் கொள்கிறது (21-ஆம் பிரிவு). அப்போது அப்பாவின் சொத்தில் மகனின் பங்கு ஒரு கணம் மகனிடம் வந்து, பிறகு அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குப் பிரியும். மகன்தான் முந்தி இறந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், அந்தப் பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும்; அதில் தாய்க்குத் தனிப் பங்கு வராது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இறப்பு நேரம் பற்றி எழுதிய ஒரு வரிக்காக மாமியாரும் மருமகளும் பாகப்பிரிவினை வழக்கில் எதிரெதிரே நிற்பது இப்படித்தான் நேர்கிறது.

புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினருக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பும் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டவரை வாரிசாகத் தகுதியற்றவர் என்றே ஒதுக்குகிறது. இசுலாமியச் சட்டத்திலும் கொன்றவருக்குப் பங்கில்லை. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளிலும், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குடும்ப ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். தகுதியுள்ள வேறு குடும்பத்தினருக்கு வழங்க 2021-இல் வழிசெய்யப்பட்டது.

உயிர்தப்பிய குழந்தை சாட்சி சொல்லவேண்டுமா? யார் வளர்ப்பது?

கேள்வி புரிந்து பதில் சொல்லக்கூடிய குழந்தை எந்த வயதானாலும் சாட்சி ஆகலாம். நீதிபதி முதலில் பள்ளியின் பெயர், டீச்சர் பெயர், பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதுபோலச் சில கேள்விகள் கேட்டுப் பார்ப்பார். எளிதில் பாதிக்கப்படும் சாட்சிகளுக்கென்று மாவட்டந்தோறும் தனி அறை இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது; அந்த வசதியைக் கேட்டு மனுப் போடுங்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். வாட்ஸ்அப் குழுவில் பகிரும் மாமாவுக்கும் இது பொருந்தும். வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளையின் சாட்சியம் முதல் குறுக்குக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தாய் இறந்து தந்தை சிறையில் என்றால், தாத்தா பாட்டியோ வேறு உறவினரோ 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுச் செய்து காப்பாளர் ஆணை பெறவேண்டும். இரு தரப்புத் தாத்தாக்களும் போட்டியிட்டால் குழந்தையின் நலனே அளவுகோல். அதுவரை குழந்தைகள் நலக்குழு தற்காலிக ஏற்பாடு செய்யும். 1098 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அரசு இழப்பீடு உண்டா?

உண்டு, விசாரணையே நடக்காத வழக்கிலும் உண்டு. நடைமுறைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவின்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இறந்தவரின் சார்ந்தோர் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டுத் திட்டம் உள்ளது. இறந்தவர் பெண் என்றால், தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை. வழிகேட்க 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைக்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அவர் குடித்துவிட்டு "எல்லாரையும் சுட்டுவிடுவேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

உடனடி ஆபத்து என்றால் 112. அதற்கு முந்திய நிலையில், உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்றால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்துசெய்யவும் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைப்பது எல்லாருக்கும் பழகிய வழக்கம்தான். தேர்தல் முடிந்து திரும்பி வாங்காமல் விட்டுவைப்பதே போதும் என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார், நல்ல யோசனை. உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். "அப்பா ஞாபகம்" என்று வைத்திருப்பது உரிமமற்ற ஆயுதம் வைத்திருப்பதே. மோட்டார் கொட்டகையில் நாட்டுத் துப்பாக்கி இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, அவர் துணையோடு ஒப்படையுங்கள். மிரட்டப்படும் மனைவி, குடும்ப வன்முறைச் சட்டப்படி நடுவரிடம் பாதுகாப்பு ஆணை பெறலாம். மனம் தளர்ந்து பேசுபவர் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள்.

வழக்கில் எடுத்துச்சென்ற பொருள்கள் திரும்பக் கிடைக்குமா?

துப்பாக்கி கிடைக்காது, தண்டனையோடு அது பறிமுதலாகும். மற்றவை கிடைக்கும். பிரேதப் பரிசோதனைக்கு முன் உடலிலிருந்து கழற்றிய தாலி, கம்மல், கைப்பேசி, பிள்ளையின் பள்ளிப்பை ஆகியவற்றை அரக்கு முத்திரையிட்ட உறையில் போட்டு, நீதிமன்றச் சொத்துப் பதிவேட்டில் எண் கொடுத்து வைத்திருப்பார்கள். தீர்ப்புவரை காத்திருக்கவேண்டியதில்லை. இடைக்காலமாகத் திருப்பித் தரக் கேட்டு மனுச் செய்தால், பொருளைப் படமெடுத்து, விவரம் எழுதி, கேட்கும்போது கொண்டுவருவேன் என்ற பத்திரம் பெற்றுக்கொண்டு தருவார்கள். அதற்குத் தாலிக்கு உரியவரின் வாரிசு யார் என்ற சான்று வேண்டும். அந்த மனுவில் தாயும் மாமியாரும் சேர்ந்தே கையெழுத்திட்டால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும்.